கவனம் மட்டும் காப்பாற்றாது: தூண்டில் மோசடியும் அடையாளத் திருட்டும்

முந்தைய மாத மின்கட்டணம் பதிவாகவில்லை என்பதால் இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின்வாரிய அதிகாரியைத் தொடர்பு கொள்ளுங்கள் என்று சொல்லி, பத்து இலக்கக் கைப்பேசி எண் ஒன்றோடு முடியும் ஆங்கிலக் குறுஞ்செய்தி 2022-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் பரவியது. தமிழ்நாட்டிலும் அதை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. மின்வாரியமும் காவல்துறையும் எச்சரிக்கை விடுத்த பிறகும், எண்ணையும் நேரத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டு அது சுற்றி வந்தது.

நிதானமாகப் படிப்பவருக்கு அந்தச் செய்தியின் ஒவ்வொரு வரியிலும் ஓட்டை தெரியும். தமிழ்நாட்டில் அப்போது வீடுகளுக்கு மின்கணக்கீடு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதான் எடுக்கப்பட்டு வந்தது என்பதால், 'முந்தைய மாதக் கட்டணம்' என்ற ஒன்றே இங்குள்ள வீடுகளுக்குக் கிடையாது. மின்சாரச் சட்டம், 2003-இன் 56-ஆம் பிரிவின்படி, கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிப்பதற்கு முன்பு 15 முழு நாட்களுக்குக் குறையாத எழுத்துபூர்வ அறிவிப்பு தரப்பட வேண்டும். ஃபியூஸைப் பிடுங்க வரும் ஊழியர் பகலில் வருவாரே தவிர இரவு ஒன்பதரைக்கு வரமாட்டார். ஆனாலும் மோசடிக்காரர்கள் அந்த நேரத்தைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தார்கள். மாலையில் பிரிவு அலுவலகம் பூட்டியபின் நேரில் விசாரிக்க ஆள் கிடையாது. வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையோ, படுக்கையில் இருக்கும் முதியவரோ இருந்தால் இருட்டை நினைத்த மாத்திரத்தில் கை தானாக அந்த எண்ணை அழுத்திவிடும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது என்பது அந்தப் பதற்றத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மறுமுனையில் பேசுபவர் மிரட்டமாட்டார். "சார், நீங்கள் கட்டிய பணம் எங்கள் சிஸ்டத்தில் ஏறவில்லை, பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள், அப்டேட் ஆகிவிடும்" என்று உதவி செய்யும் தொனியில்தான் ஆரம்பிப்பார். அதற்காக ஒரு செயலியை நிறுவச் சொல்வார். அது பிளே ஸ்டோரில் முறையாகக் கிடைக்கும், கணினிப் பழுதுபார்ப்பவர்கள் தொலைவிலிருந்து வேலை செய்யப் பயன்படுத்தும் செயலிதான் என்பதால் அதை நிறுவும்போது கைப்பேசி எந்த எச்சரிக்கையும் காட்டாது. திரையில் தோன்றும் எண்ணை நீங்கள் படித்துச் சொன்னதும், உங்கள் திரையில் நடப்பதெல்லாம் அவர் திரையிலும் தெரியத் தொடங்கும். அந்தப் பத்து ரூபாயைக் கட்டுவதற்காக நீங்கள் நெட் பேங்கிங்கில் நுழைகிறீர்கள். பயனர் பெயர், கடவுச்சொல், அட்டை எண், சற்று நேரத்தில் வந்து விழும் ஓடிபி ஆகிய அனைத்தையும் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்து ரூபாய் கேட்டதன் நோக்கம், உங்களை உங்கள் கணக்குக்குள் நுழைய வைப்பது ஒன்றுதான்.

நம்பவைத்து ரகசியங்களைக் கறக்கும் இந்த மாதிரித் தூண்டில் மோசடிகளுக்கு (ஃபிஷிங்) பிறகு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, "விழிப்புடன் இருங்கள்" என்பது. தவறான அறிவுரை என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் நாம் விழிப்பாக இல்லாத நேரத்துக்காகவே தயாரிக்கப்பட்ட ஒரு தாக்குதலுக்கு விழிப்பையே மருந்தாகச் சொல்வதில் ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது. மருத்துவமனை வரிசையில் நிற்கும்போதும், சம்பளம் வராத மாதக் கடைசியிலும், தூக்கக் கலக்கத்திலும் எல்லோரும் ஏமாறக்கூடியவர்களே. ஆகவே, கவனம் சிதறிய ஒரு நிமிடத்திலும் நமக்காக வேலை செய்யும் ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்து வைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. அப்படிப்பட்ட ஏற்பாடுகள் நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குச் செலவும் இல்லை.

எழுத்துப்பிழையைத் தேடிய காலம்

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டாலரைக் கடத்த முயன்ற கும்பல், அந்த வங்கியின் கணினிகளுக்குள் நுழைந்தது வேலை கேட்டு எழுதப்பட்டதைப் போன்ற மின்னஞ்சல்களின் வழியாகத்தான். அதில் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் வழியாகக் கைமாறிப் போய்விட்டது. இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் ஓர் எழுத்துப்பிழையால் தப்பியது. 'ஃபவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதியிருந்ததால் இடையிலிருந்த வங்கிக்குச் சந்தேகம் எழுந்தது. ஒரு நாட்டின் மத்திய வங்கியில் வேலை செய்பவர்களே ஒரு மின்னஞ்சலில் ஏமாந்தார்கள் என்பது, படிக்காதவர்களும் வயதானவர்களும்தான் இந்த வலையில் விழுகிறார்கள் என்று எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

எழுத்துப்பிழை காப்பாற்றும் காலமும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையற்ற ஆங்கிலத்தில் மட்டுமின்றி, ஓரளவு நல்ல தமிழிலும் வங்கிக் கடிதம் எழுதித் தருகின்றன. வங்கியின் சின்னம், நிறம், பக்க அமைப்பு எல்லாவற்றையும் அசல் தளத்திலிருந்தே நகலெடுத்துக்கொள்ளலாம். திரையின் மேற்பகுதியில் தெரியும் பூட்டுச் சின்னத்தை நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பூட்டு உங்களுக்கும் தளத்துக்கும் இடையிலான போக்குவரத்து மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும், மறுமுனையில் இருப்பவர் யார் என்பதைச் சொல்லாது. போலித் தளம் நடத்துபவரும் இலவசமாக அந்தச் சான்றிதழைப் பெற்றுவிடலாம். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்காகவே கூகுள் நிறுவனம் 2023-இல் குரோம் உலாவியிலிருந்து அந்தப் பூட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது.

திருடரால் நகலெடுக்க முடியாதது தளத்தின் முகவரி ஒன்றுதான். ஆனால் அதைப் படிக்கும் முறையில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இடமிருந்து வலமாகப் படித்து, தொடக்கத்திலேயே தங்கள் வங்கியின் பெயர் வந்துவிட்டதைக் கண்டு நிம்மதி அடைகிறார்கள். முகவரியில் 'ஹெச்டிடிபிஎஸ்' என்பதையும் அதையொட்டி வரும் இரட்டைச் சாய்கோட்டையும் தாண்டி வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படித்து வர வேண்டும். 'வங்கியின் பெயர் டாட் கேஒய்சி-அப்டேட் டாட் காம்' என்று ஒரு முகவரி இருந்தால், அதன் உரிமையாளர் 'கேஒய்சி-அப்டேட் டாட் காம்' என்ற பெயரைப் பதிவு செய்தவரே. முன்னால் இருக்கும் வங்கிப் பெயரை அவர் தம் விருப்பப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறார். கைப்பேசித் திரையின் குறுகலில் முகவரியின் ஒரு துண்டு மட்டுமே தெரிவது அவருக்கு இன்னும் வசதி.

இந்தச் சிக்கலைக் குறைக்க ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் நல்லதொரு முடிவை அறிவித்தது. இந்திய வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று அது உத்தரவிட்டது. இந்தப் பின்னொட்டை வங்கிகளைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே இதைப் பதிவு செய்து தருகிறது. வாடிக்கையாளருக்கு இதனால் ஒரேயொரு எளிய சோதனை கிடைக்கிறது. முகவரியின் வால் 'பேங்க் டாட் இன்' என்று முடியவில்லையா, அந்தப் பக்கத்தில் எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம்.

அந்தச் சோதனையையும் மனிதக் கண்ணிடம் விடாமல் இயந்திரத்திடமே ஒப்படைத்துவிடலாம். கடவுச்சொல் மேலாண்மைச் செயலியோ, உலாவியின் கடவுச்சொல் சேமிப்போ, நீங்கள் முதலில் பதிவு செய்த முகவரியோடு இப்போதைய முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். பொருந்தாவிட்டால் தானாக நிரப்பாது. பக்கம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் அது மயங்காது. வழக்கமாகத் தானே நிரம்பும் பெட்டி ஒருநாள் காலியாக நிற்கிறது என்றால், அது பழுது என்று நினைத்துக் கையால் தட்டச்சு செய்யக் கூடாது. அந்தக் காலிப்பெட்டிதான் எச்சரிக்கை. பாஸ்கீ என்ற முறை இதற்கும் ஒரு படி மேலே போகிறது. அதில் நாம் யாரிடமும் சொல்லக்கூடிய ரகசியம் என்ற ஒன்றே இல்லை. கைப்பேசிக்குள் இருக்கும் சாவி அசல் தளத்தின் முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். இதே அடிப்படையில் இயங்கும் சிறு வன்பொருள் சாவிகளை 2017 தொடக்கத்தில் தன் ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கிய கூகுள், அதன் பிறகு தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களில் ஒருவரின் பணிக்கணக்குகூடத் தூண்டில் மோசடியில் பறிபோகவில்லை என்று 2018-இல் தெரிவித்தது. அத்தனை ஊழியர்களும் திடீரென்று விழிப்படைந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை; அவர்கள் ஏமாந்தாலும் கொடுப்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லாமல் போனது.

ஓடிபியின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. போலிப் பக்கத்தில் நீங்கள் இடும் ஆறு இலக்கங்களைத் திருடர் அடுத்த நொடியே அசல் பக்கத்தில் இட்டுவிடலாம். அந்த எண் எந்தத் தளத்தில் இடப்படுகிறது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. அதற்காக ஓடிபியே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. எதுவுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். பாஸ்கீ கிடைக்கும் இடத்தில் பாஸ்கீ, இல்லாத இடத்தில் ஓடிபி என்பதே சரியான வரிசை.

கேட்காமலே எடுத்துக்கொள்ளும் கோப்பு

ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற பாடத்தை மக்கள் ஓரளவு கற்றுக்கொண்டதும், அதைக் கேட்க வேண்டிய தேவையே இல்லாத முறைக்கு மோசடிக் கும்பல்கள் மாறிவிட்டன. வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு, வருகிறது. அதன் பெயர் 'ஆர்டிஓ சலான்' என்றோ, 'திருமண அழைப்பிதழ்' என்றோ, பிஎம் கிசான் திட்டத்தின் பெயராகவோ, வங்கிக் கேஒய்சி படிவமாகவோ இருக்கும். அனுப்பியவர் பெரும்பாலும் தெரிந்தவர். ஒன்றுவிட்ட அண்ணனாகவோ, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராகவோ இருக்கலாம். அவர் அனுப்பியிருக்கமாட்டார், அவருடைய கைப்பேசி முன்பே பிடிபட்டுவிட்டதால் அவர் தொடர்புப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அது தானாகவே போயிருக்கும். அறிமுகமானவரிடமிருந்து வந்தால் திறக்கலாம் என்ற பழைய விதி இதனாலேயே செல்லாமல் போயிற்று.

அந்தக் கோப்பைத் தொட்டதும் ஆண்ட்ராய்டு ஒருமுறை தடுத்து, இந்த மூலத்திலிருந்து செயலிகளை நிறுவ அனுமதிக்கலாமா என்று கேட்கும். நாம் பார்க்கும் கடைசித் தடுப்பு பெரும்பாலும் இதுதான். அனுமதித்துவிட்டால், அடுத்துக் குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுப்பவும் உரிமை கேட்கும். அதையும் கொடுத்தபின் திரையில் ஒன்றும் நடக்காது. அழைப்பிதழும் திறக்காது, சலானும் தெரியாது. கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துக் கைப்பேசியை வைத்துவிட்டுப் போகிறோம். அந்த நேரத்திலிருந்து வரும் ஓடிபி ஒவ்வொன்றும் வேறொருவருக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். அசல் போக்குவரத்து அபராதத்தை மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வாகன எண்ணைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு எந்தச் செயலியையும் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'தெரியாத செயலிகளை நிறுவுதல்' என்ற பகுதிக்குப் போய் வாட்ஸ்அப், உலாவி, கோப்பு மேலாளர் ஆகிய மூன்றுக்கும் அந்த அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது, வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் பத்து எச்சரிக்கைச் செய்திகளை முன்னனுப்புவதைவிட அதிகப் பயன் தரும்.

தவறிப்போய் நிறுவிவிட்டால் முதலில் இணையத்தையும் வைஃபையையும் துண்டித்து, சிம்மைக் கழற்றி வேறொரு கைப்பேசியில் போட்டு, அதிலிருந்து வங்கியை அழைக்க வேண்டும். செயலியை நீக்கினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. சில செயலிகள் தங்கள் சின்னத்தை மறைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். படங்களையும் தொடர்புகளையும் பத்திரப்படுத்திவிட்டுக் கைப்பேசியை முழுமையாக அழித்து மீட்டமைப்பதே பாதுகாப்பு.

இதன் பங்காளி முறை ஒன்றும் உண்டு. கூரியர்காரர் என்றோ, தொலைபேசி நிறுவன ஊழியர் என்றோ சொல்லிக்கொண்டு அழைப்பவர், ஸ்டார் குறியோடு 21 அல்லது 401 என்று தொடங்கும் ஒரு குறியீட்டை அழுத்தச் சொல்வார். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர் எண்ணுக்குத் திரும்பிவிடும். குரல்வழியே வரும் வாட்ஸ்அப் சரிபார்ப்பு எண் அவர் காதில் விழும். இந்தக் குறியீட்டு வழி அழைப்புத் திருப்பலை நிறுத்தும்படி 2024-இல் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்கப் பின் ஒன்றை வைத்துக்கொண்டால், சரிபார்ப்பு எண் கையில் கிடைத்தாலும் கணக்கை அவ்வளவு எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது.

பணத்தைப் பிரித்து வைத்தல்

வாழ்நாள் சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கையே டீக்கடை க்யூஆர் குறியீட்டுக்கும் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடையே மிகப் பரவலாக இருக்கிறது. அதைக் கைவிடுவதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை என்றே தோன்றுகிறது. அன்றாடச் செலவுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மாதத்துக்கு வேண்டிய தொகையை மட்டும் அதில் போட்டு, யுபிஐ செயலியை அந்தக் கணக்கோடு மட்டும் இணைக்கலாம். வைப்புத்தொகையும் ஓய்வூதியமும் இருக்கும் கணக்கில் இணையப் பரிமாற்ற உச்சவரம்பைக் குறைத்து வைக்கலாம். அட்டைகளைப் பொறுத்தவரை, இணையப் பரிமாற்றம், வெளிநாட்டுப் பரிமாற்றம் ஆகியவற்றை வாடிக்கையாளரே இயக்கவும் நிறுத்தவும் வசதி தரும்படி ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியிலேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பொத்தான் வங்கிச் செயலியில் இருப்பதே பலருக்குத் தெரியாது. வெளிநாட்டுப் பக்கமே போகாதவரின் அட்டையில் வெளிநாட்டுப் பரிமாற்றம் திறந்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

யுபிஐ பின் என்பது பணம் கொடுப்பதற்கும் கணக்கிருப்பைப் பார்ப்பதற்கும்தான். பணம் பெறுவதற்கு அந்தப் பின்னைக் கேட்கும் எவரும் திருடரே. பழைய பொருள் விற்பனைத் தளங்களில் கட்டிலையோ மிதிவண்டியையோ விற்க முயன்ற பலர், 'பணம் பெறுங்கள்' என்று வந்த கோரிக்கையில் பின்னை அழுத்திப் பணத்தை இழந்தார்கள். இதைத் தடுக்க, தனிநபருக்கு இடையிலான வசூல் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. பல ஆண்டுகள் 'கவனமாக இருங்கள்' என்று விளம்பரம் செய்து தீராத ஒரு வகை மோசடியை, ஒரு வசதியை நிறுத்தியதன் மூலம் வேரிலேயே வெட்டிவிடலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

உங்கள் பெயரில் இன்னொருவர்

பணம் போவது உடனே தெரிந்துவிடும். அடையாளம் போனது தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன், தம் பான் எண்ணைப் பயன்படுத்தி யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கியிருப்பதாகப் பொதுவெளியில் தெரிவித்தார். தமிழ்நாட்டில் அன்றாடக் கூலிக்குப் போகும் தொழிலாளர்களின் வீட்டுக்கு, அவர்கள் பெயரில் யாரோ நடத்திய நிறுவனத்துக்காக லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் ஜிஎஸ்டி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்த செய்திகளை நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம். கடன் வாங்கித் தருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் கொடுத்த ஆதார், பான் நகல்களே இப்படிப்பட்டவற்றுக்கு முதலாகின்றன.

பான் எண்ணை மாற்றிக்கொள்ள முடியாது, கைரேகையை மாற்றவே முடியாது என்பதால், இங்கே தடுப்பதோடு அவ்வப்போது தணிக்கை செய்வதும் சேர்ந்தே நடக்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறைவைத்துக் கேட்டால் ஆண்டு முழுவதும் கண்காணித்ததாக ஆகிவிடும். அறிக்கையில் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கக் கூடாது; நீங்கள் விண்ணப்பிக்காத கடனுக்காக யாராவது உங்கள் விவரத்தை விசாரித்திருக்கிறார்களா என்ற பகுதியே முன்னெச்சரிக்கை தருவது. ஜிஎஸ்டி தளத்தில் உள்நுழையாமலே ஒரு பான் எண்ணை இட்டு, அதன்பேரில் எந்த மாநிலத்திலாவது பதிவு இருக்கிறதா என்று தேடலாம். 2023 மே மாதம் தொடங்கப்பட்ட, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால், உங்கள் பெயரில் இயங்கும் இணைப்புகளின் பட்டியல் வரும். உங்களுடையது அல்லாததை 'என் எண் அல்ல' என்று அங்கேயே புகார் செய்யலாம். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை அனுமதி உண்டு என்பதால், மீதி இடங்களை யாராவது நிரப்பியிருக்க வாய்ப்பிருக்கிறது.

ஆதாரைப் பொறுத்தவரை ஓடிபியே தேவைப்படாத ஓர் ஓட்டை உண்டு. சிற்றூர்களில் வங்கி முகவர்கள் சிறு கருவியில் கைரேகை வைத்துப் பணம் எடுத்துத் தரும் முறைக்கு ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகிய மூன்றும் போதும். வேறு சில மாநிலங்களில், இணையத்தில் கிடைத்த நிலப்பதிவு ஆவணங்களிலிருந்து கைரேகைப் பதிவை எடுத்து, சிலிகோனில் வார்த்து, அதைக்கொண்டு பணம் எடுத்த கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. இதற்கான தடுப்பு, ஆதாரை வழங்கும் ஆணையமான யுஐடிஏஐயின் தளத்திலேயே இருக்கிறது: கைரேகை, கருவிழி ஆகியவற்றைப் பூட்டி வைக்கலாம். பூட்டிய பிறகு அசல் விரலே வந்தாலும் கருவி ஏற்காது. இதில் ஒரு நடைமுறைச் சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் நியாயவிலைக் கடைகளில் கைரேகை வைத்துத்தான் அரிசி வாங்குகிறோம் என்பதால், பூட்டியவர் கடைக்குப் போகும்முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். வீட்டில் யார் ரேஷன் வாங்கப் போகிறாரோ அவரை விட்டுவிட்டு மற்றவர்களின் கைரேகையைப் பூட்டிவைத்தாலே பாதித் தொல்லை குறையும். நகல் கேட்கும் விடுதிகளுக்கும் அலுவலகங்களுக்கும், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். அதுவும் அதே தளத்தில் கிடைக்கிறது.

சிம் விஷயத்தில் ஓர் அறிகுறியை அலட்சியம் செய்யக் கூடாது. சுற்றியிருப்பவர்கள் எல்லோருக்கும் சிக்னல் இருந்து உங்கள் கைப்பேசியில் மட்டும் மணிக்கணக்கில் இல்லை என்றால், உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்றுச் சிம் வாங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் செல்ல வேண்டிய இடம் சர்வீஸ் கடை அல்ல. இன்னொரு கைப்பேசியிலிருந்து உடனே தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் அழைக்க வேண்டும்.

பணம் போன பிறகு

திருடப்பட்ட பணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. முதல் கணக்குக்குப் போன சில நிமிடங்களில் ஐந்தாறு கணக்குகளுக்குப் பிரிந்து, அங்கிருந்து இன்னும் பலவற்றுக்குச் சிதறி, வேறொரு மாநிலத்தின் ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோ நாணயமாகவோ வெளியே போய்விடும். நடுவில் உள்ள கணக்குகள் பெரும்பாலும் வாடகைக்கு விடப்பட்டவை. சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடுத்துவிட்ட கல்லூரி மாணவர்கள், பின்னர் வெளிமாநிலக் காவல்துறை வந்து கதவைத் தட்டும்போதுதான் தாங்கள் எதில் மாட்டிக்கொண்டோம் என்று உணர்கிறார்கள். வலையை வீசும் முனையில் இருப்பவர்களும் எல்லோரும் தாமாக வந்தவர்கள் அல்லர். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்து வைக்கப்பட்டு மோசடி செய்ய வற்புறுத்தப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022-இல் மீட்டு அழைத்து வரப்பட்டார்கள்.

பணம் ஓடும் இந்த வேகத்தால்தான், இணையப் பண மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அத்தனை முக்கியத்துவம். இந்த எண்ணில் புகார் பதிவானதும் பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்கு உடனடியாகத் தகவல் போகிறது. பணம் இன்னும் அங்கிருந்தால் அது முடக்கப்படுகிறது, நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்குப் புகார் தொடர்கிறது. காவல் நிலையத்துக்குப் போய்வரும் நேரத்தில் இந்த ஓட்டத்தைத் தவறவிடுவோம் என்பதால் முதலில் 1930, பிறகு வங்கி, அதன் பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளம் என்ற வரிசை நல்லது. அழைக்கும்போது கணக்கு எண், பரிமாற்ற எண், தொகை, நேரம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். வங்கியின் எண்ணை அட்டையின் பின்புறத்தில் பார்த்து அழையுங்கள். தேடுபொறியில் தேடி எடுத்தால், போன பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லும் இன்னொரு திருடரிடமே போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு.

வங்கியோடு பேசும்போது, வாடிக்கையாளரின் பொறுப்பு குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கையை அறிந்திருப்பது பேச்சின் தொனியையே மாற்றிவிடும். தவறு வாடிக்கையாளருடையதும் அல்ல, வங்கியுடையதும் அல்ல, இடையில் வேறெங்கோ நேர்ந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு எந்த இழப்பும் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அவர் தாங்க வேண்டிய உச்சத் தொகை 10,000 ரூபாய். வங்கியின் பக்கமே குறை இருந்தால் புகார் செய்யாவிட்டாலும் பொறுப்பு வங்கியுடையது. ஓடிபியை வாடிக்கையாளரே கொடுத்திருந்தால் புகார் செய்யும் வரையிலான இழப்பு அவருடையது. ஆனால் புகாருக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பாகிறது. ஆகவே, என் மேல்தான் தவறு, இனிச் சொல்லி என்ன பயன் என்று வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடுபவர் அந்த ஒரு நாளின் பாதுகாப்பையும் சேர்த்து இழக்கிறார். வாடிக்கையாளரின் தவறு என்பதை மெய்ப்பிக்கும் சுமையை அந்தச் சுற்றறிக்கை வங்கியின் மீதே வைத்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே வங்கிக்குச் செய்யும் புகாரை எழுத்தில் செய்து, புகார் எண்ணையும் நேரத்தையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கீகாரமில்லாப் பரிமாற்றம் என்று பதிவானால், பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்கவும், 90 நாட்களுக்குள் புகாரை முடிக்கவும் அதே சுற்றறிக்கை வங்கிகளைப் பணிக்கிறது. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, 2021-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியிடம் கட்டணமின்றி முறையிடலாம். பிறர் அடையாளத்தைத் திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்கீழும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவின்கீழும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். பணமே போகாமல் ஆவணம் மட்டும் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலும், மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதற்கான ரசீதைப் பெற்றுக்கொள்வது அவசியம். நீங்கள் வாங்காத கடனைக் கடன் அறிக்கையிலிருந்து நீக்கச் சொல்லும்போதும், உங்களுடையதல்லாத ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்யக் கேட்கும்போதும், எதிரே இருக்கும் அதிகாரி முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.